ஃபியட் 1100 இன்ஜினை இறக்காமலேயே கழுவி பெயின்ட் அடிக்க முடியுமா?

திருபுவனம் ஃபியட்

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல தாத்தா வாங்குன 1969 ஃபியட் 1100 ஒண்ணு நிக்குது, நெல்லு வியாபாரம் நல்லா ஓடுன காலத்துல வாங்குனது. வண்டி இன்னமும் ஓடுது, அதுல குறை சொல்ல முடியாது, காலைல சோக்கை இழுத்து செல்ஃப் அடிச்சா புடிச்சுக்கும். பாடி டிங்கரிங், பெயின்ட் எல்லாம் போன வருஷமே முடிச்சு வெளில பாக்க ஜம்முன்னுதான் இருக்கு. பானட்டைத் தொறந்தாதான் மானம் போவுது. ஆயிலும் புழுதியும் வைக்கத்தூசியும் சேர்ந்து விரல் கனத்துக்கு அப்பிக் கெடக்கு, எது பிளாக் (இன்ஜினோட அடிப்பாகம்), எது அது மேல ஒக்கார ஹெட்டுன்னே தெரியல, கொட்டகைல நின்னதால எலி வேற டைனமோ பக்கம் கூடு கட்டியிருந்துச்சு.

தங்கச்சிக்கு ஆவணில கல்யாணம் வச்சிருக்கோம், மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான்னு அப்பா சொல்லிட்டாங்க. அதுக்குள்ள இன்ஜினைக் கழுவி பெயின்ட் அடிச்சுடலாம்னு பாக்குறேன். இன்ஜினை இறக்காம வண்டில இருக்கும்போதே பண்ண முடியுமா? எதை வச்சு கழுவுறது? என்ன பெயின்ட், என்ன கலர்? மாமா சிவப்பு அடிடாங்குறார், மெக்கானிக் சில்வர்ங்குறார், எனக்கு ஒரிஜினல் எதுவோ அதுவே இருக்கணும்னு ஆசை. இன்னொண்ணு, பின்பக்கம் கிளட்ச் ஹவுசிங் கிட்ட ஆயில் சொட்டுது, பின் சீல் போயிருக்கும், இன்ஜினை இறக்கித்தான் ஆகணும்னு ஒருத்தர் சொல்றாரு. பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே இதைப் பாக்கணுமா, இல்ல கல்யாணம் முடிஞ்சு பாத்துக்கலாமா?


அம்பி மார்க் 2, மன்னார்குடி

இதுக்குப் போய் இவ்ளோ யோசிக்கிறீங்களே. காஸ்டிக் சோடாவை வெந்நீர்ல கரைச்சு பிரஷ்ல தடவுங்க, செத்த நேரம் ஊற விட்டு வாட்டர் சர்வீஸ்ல குடுத்து பிரஷர்ல அடிச்சா எல்லா அழுக்கும் தோல் உரிஞ்சு வந்துடும். என் அம்பாசடருக்கு அப்படித்தான் பண்ணேன், பழைய 1489 சிசி இன்ஜின், ஒண்ணும் ஆவல. அப்புறம் ஒரு டப்பா சில்வர் பெயின்ட், வேலை முடிஞ்சுது. சொட்டுற ஆயில் சொட்டட்டும், பழைய வண்டின்னா சொட்டத்தான் செய்யும், சொட்டலன்னாதான் உள்ள ஆயில் இல்லன்னு பயப்படணும் 😀


பழைய ஸ்பேனர், தஞ்சாவூர்

தம்பி, மன்னார்குடி சார் சொன்னதை அப்படியே செஞ்சுடாதீங்க. அவரு வண்டில பிளாக்கும் காஸ்ட் அயன், ஹெட்டும் காஸ்ட் அயன், அதனால தப்பிச்சுது. உங்க ஃபியட் 1100ல பிளாக் மட்டுந்தான் காஸ்ட் அயன், ஹெட்டு அலுமினியம். அலுமினியத்துல காஸ்டிக் பட்டா பொங்கி நுரைச்சுக்கிட்டு அரிக்க ஆரம்பிச்சுடும், மேல்பாகம் கருத்து சொரசொரன்னு ஆயிடும், அப்ப கிளம்புறது ஹைட்ரஜன் வாயு, பக்கத்துல ஒருத்தன் பீடி பத்த வச்சான்னா வம்பு. கார்புரேட்டர், ஏசி பம்ப் (அதான் பெட்ரோல் பம்ப்) பாடி, டிஸ்ட்ரிபியூட்டர் பாடி இதெல்லாமும் இரும்பு கெடையாது. சந்தேகமா இருந்தா ஒரு காந்தத்தை வச்சுப் பாருங்க, அது ஒட்டாத எடத்துக்கு காஸ்டிக் கிட்டவே போகக்கூடாது. தனியா கழட்டி வெளில வச்ச இரும்பு சாமானுக்கு, கையுறை கண்ணாடியெல்லாம் போட்டுக்கிட்டு வேணா பயன்படுத்தலாம், அதுகூட நான் சொல்ல மாட்டேன், கண்ணுல தெறிச்சா பார்வை போயிடும்.

வண்டில இருக்கும்போதே பண்ணலாமான்னா பண்ணலாம். முன்பக்கம், மேல்பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் நல்லா எட்டும். சைலன்சர் மேனிஃபோல்டுக்கு (ஹெட்டுலேர்ந்து பொகை வெளில வர்ற குழாய்) கீழயும் பின்னாடி ஃபயர்வால் பக்கமும் கை போவாது, அங்க முடிஞ்ச வரைக்குந்தான். கல்யாணத்துக்கு பானட்டைத் தொறந்து காட்டப் போறீங்கன்னா அது போதும். பின் சீல்தான் போயிருக்குன்னு உறுதியாச்சுன்னா மட்டும் இறக்குங்க, அப்ப எல்லாத்தையும் சேர்த்து முழுசா பண்ணிக்கலாம். இறக்குறதா இருந்தா ஓட்டு வீட்டு உத்திரத்துலயும் கொட்டகை பனை வாரையிலயும் செயின் பிளாக்கை மாட்டாதீங்க, மூணு கால் ஸ்டாண்டு வாடகைக்குக் கெடைக்கும்.

கழுவுற விஷயம். மொதல்ல தண்ணியும் வேணாம் மண்ணெண்ணையும் வேணாம், காஞ்ச அழுக்கை காஞ்சபடியே சுரண்டி எடுங்க. ஸ்க்ரூ டிரைவரால சுரண்டாதீங்க, அலுமினியம் கோடு கோடா ஆயிடும். மூங்கில் பத்தையை உளி மாதிரி சீவி வச்சுக்கிட்டா போல்ட்டைச் சுத்தி, பேக்கிங் ஓரம் எல்லாம் அழகா வரும், சந்து பொந்துக்கு தென்னை ஈர்க்கு. முக்கால்வாசி அழுக்கு இதுலயே கட்டி கட்டியா விழுந்துடும், கீழ ஒரு சிமெண்ட் சட்டியை வச்சுக்குங்க. இதுக்கே ஒரு பகல் போகும், அவசரப்படாதீங்க, இந்த வேலையில பெயின்ட் அடிக்கிறதுங்கறது கடைசில வர்ற சின்ன சமாசாரம்.

எலிக்கூட்டை எடுத்த எடத்துல வயரை ஒவ்வொண்ணா கையால உருவிப் பாருங்க, பல்லு பட்ட எடம் இன்சுலேஷன் போயி செம்பு தெரியும். அதோட ஒரு எச்சரிக்கை, பழைய வண்டில மேனிஃபோல்டு பேக்கிங், சைலன்சர் ஜாயின்ட்ல சுத்தியிருக்கிறது எல்லாம் ஆஸ்பெஸ்டாஸா இருக்க வாய்ப்பு உண்டு. அதை காஞ்சபடி கம்பி பிரஷ்ல தேய்ச்சு தூசியாக்காதீங்க, நனைச்சுட்டு எடுங்க.

சுரண்டி முடிச்சு கழுவ ஆரம்பிக்கிறப்ப மொத வேலை பேட்டரியைக் கழட்டுறது. ஏர் கிளீனரை எடுத்துட்டு கார்புரேட்டர் வாயில பாலித்தீன் வச்சு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்க, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, டைனமோ, ஆயில் ஊத்துற மூடி, டிப்ஸ்டிக் ஓட்டை, பிரீதர் குழாய் (இன்ஜின் உள்ள சேர்ற காத்து வெளில போற குழாய்) எல்லாத்தையும் மூடுங்க. பிளக்கைக் கழட்டாதீங்க, அது அடைப்பா அப்படியே இருக்கட்டும். இப்ப பழைய பெயின்ட் பிரஷ்ல மண்ணெண்ணெய் தொட்டுத் தடவி, ஊற விட்டு, டூத் பிரஷ்ல தேய்ச்சு, பனியன் வேஸ்ட்ல துடைக்கணும். மண்ணெண்ணெய் கெடைக்கலன்னா டீசல் போதும், கொஞ்சம் லேட்டாகும் அவ்ளோதான். பெட்ரோல் மட்டும் வேணாம், அது எந்தக் குளிர்லயும் ஆவியாகி தீப்புடிக்கும், கொட்டகைக்குள்ள வைக்கப்போர் பக்கத்துல சொல்லவே வேணாம். ஃபேன் பெல்ட்டைக் கழட்டி வச்சுடுங்க. ஓஸ், இன்ஜின் மவுண்டிங் ரப்பர் மேல மண்ணெண்ணெய் பட்டா உடனே துடைங்க, ரப்பர் ஊதிப்போவும்.

அழுக்கு மண்ணெண்ணையை வாய்க்கால்ல ஊத்தாதீங்க தம்பி. மேட்டூர் தொறந்து குறுவை நாத்தங்கால்ல தண்ணி நிக்கிற நேரம், அடுத்தவன் வயல்ல ஆயில் படலம் மிதந்தா பஞ்சாயத்து உங்க வாசலுக்குத்தான் வரும். கேன்ல ஊத்தி ரெண்டு நாள் வச்சா மண்ணு அடில தங்கிடும், தெளிஞ்சதை மறுபடி கழுவ எடுத்துக்கலாம்.

இப்ப அந்த ஆயில் லீக். பின் சீல்னு பாக்காமலே சொல்றவன் சொல்லிட்டுப் போகட்டும். இன்ஜின் சுத்தமா துடைச்சு காஞ்சதும் டேப்பெட் கவர் (ஹெட்டு மேல உள்ள மூடி) ஓரம், ஏசி பம்ப் ஒக்கார எடம், டிஸ்ட்ரிபியூட்டர் அடி, ஆயில் பிரஷர் சுவிட்ச், சம்ப் (அடில ஆயில் நிக்கிற தொட்டி) பேக்கிங் இங்கெல்லாம் மூஞ்சிக்குப் போடுற பவுடரை லேசா தூவி விடுங்க. பெல்ட்டை மாட்டி, மூடுனதையெல்லாம் எடுத்துட்டு பேட்டரியைக் குடுத்து கொஞ்ச நேரம் ஓட்டிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. எங்க லீக் இருக்கோ அங்க வெள்ளைல ஒரு ஈரக்கோடு இறங்கியிருக்கும், அந்தக் கோட்டை மேல நோக்கிப் புடிச்சுக்கிட்டே போனா எடம் தெரிஞ்சுடும். மேல லீக்கான ஆயில் வண்டி ஓடுற காத்துல பின்னாடி தள்ளிக்கிட்டுப் போயி கிளட்ச் ஹவுசிங்லதான் சொட்டும், பாக்குறவன் சீலுன்னுதான் சொல்லுவான். பிரீதர் குழாய் அடைச்சிருந்தாலும் உள்ள பிரஷர் ஏறி எல்லா பேக்கிங்லயும் ஆயில் கசியும், எலிக்கூடு வைக்கல் எதுவும் அதுல போயிருக்கான்னு ஊதிப் பாருங்க. லீக்கை நிறுத்தாம பெயின்ட் அடிச்சா ஒரு மாசத்துல அந்த எடமெல்லாம் கொப்புளிச்சு உரிஞ்சுடும், பெயின்ட் காசு தெண்டம்.

பெயின்ட் பத்தி பெயின்டர் யாராவது சொல்லட்டும், நான் ஸ்பேனர் புடிச்ச ஆளு.


அம்பி மார்க் 2, மன்னார்குடி

ஃபியட் ஹெட்டு அலுமினியம்ங்கறது எனக்குத் தோணல சார், நல்ல வேளை சொன்னீங்க. ஆனா வாட்டர் சர்வீஸ்ல அடிக்கிறது தப்பில்லையே?


பழைய ஸ்பேனர், தஞ்சாவூர்

சார், வண்டிக்கு அடில, சேசிஸுக்கு, மட்காடுக்கு உள்ள தாராளமா அடிங்க. இன்ஜினுக்கு அந்த பிரஷர் வேணாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள தண்ணி போனா பாயிண்ட்ல ஸ்பார்க் வராது, டைனமோ புஷ்ஷுல போனா கிரீஸ் கழுவிக்கிட்டுப் போயிடும், பிளக்கு குழில தேங்கி நின்னா பிளக்கைக் கழட்டும்போது அப்படியே சிலிண்டருக்குள்ள இறங்கும். சூடான இன்ஜின்ல பச்சைத் தண்ணி அடிச்சா வார்ப்பு விரிசல் விட்டாலும் விடும். ஆறின இன்ஜின்ல தோட்டத்து ஓஸ்ல மெதுவா விட்டா போதும். இதைவிட மோசம் மணல் அடிச்சு கிளீன் பண்ணுறது, மூடியிருக்கிற இன்ஜினுக்கு அதை யாராவது சொன்னா ஓடி வந்துடுங்க, ஒரு சிட்டிகை கொள்ளிடத்து மணல் ஆயில் போற வழில போனா பேரிங் காலி.


ஸ்ப்ரே கன், மயிலாடுதுறை

அண்ணே நான் பெயின்டர்தான், சொல்றேன் கேட்டுக்குங்க. மண்ணெண்ணெய்ல கழுவுன எடத்துல கண்ணுக்குத் தெரியாம ஒரு எண்ணெய்ப் பசை இருக்கும். அது மேல அப்படியே அடிச்சா பெயின்ட் சின்னச் சின்ன வட்டமா வெலகி நிக்கும், எத்தனை கோட்டு அடிச்சாலும் அந்த எடம் மூடாது. அதனால சோப்புத்தண்ணி போட்டு துணியால ஒருக்கா, நல்ல தண்ணில ஒருக்கா, காஞ்சதும் தின்னர்ல ஒருக்கா துடைக்கணும். தின்னர் துணியை அடிக்கடி மாத்துங்க, ஒரே துணியால துடைச்சா எண்ணெயை இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் பூசுறதுதான் நடக்கும்.

பிளாக்கை இரும்பு தெரியிற அளவுக்கு கம்பி பிரஷ் போட்டீங்கன்னா அன்னைக்கே பிரைமர் அடிச்சுடணும். நம்ம பக்கம் ஆத்துலயும் வயல்லயும் தண்ணி நிக்கிற காலத்துல காத்துல இருக்கிற ஈரத்துக்கு ராத்திரி விட்டுட்டு காலைல பாத்தா பூராவும் மஞ்சளா துரு பூத்திருக்கும். கம்ப்ரஸர் டேங்குக்கு அடில ஒரு திருகு இருக்கும்ல, அதைத் தொறந்து தண்ணியை வடிச்சுட்டு ஆரம்பிங்க, இல்லன்னா காத்தோட தண்ணியும் கன் வழியா வந்து துப்பும். நேரம் காலைல ஒரு பத்து மணிக்கு மேல மதியம் மூணுக்குள்ள. மழை மூட்டம் போட்டுச்சுன்னா அடிக்காதீங்க, என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்டா இருந்தா வெள்ளையா பூத்துடும். ஆடிக் காத்து வேற புழுதியை அள்ளிக்கிட்டு வருதா, அதனால கொட்டகைல நாலு பக்கமும் படுதாவைக் கட்டி தரையில தண்ணி தெளிச்சுட்டு அடிங்க.

என்ன பெயின்ட்டுன்னா, பிளாக்கோட சூடு ஓடும்போது கூலிங் தண்ணி சூட்டை ஒட்டித்தான் இருக்கும், நூறு டிகிரி பக்கம்னு வச்சுக்குங்க, அதுக்கு இன்ஜின் எனாமல்னு கேட்டு வாங்குனா போதும். என்.சி. வேணாம்னு சொல்லுவேன், கார்புரேட்டர்லேர்ந்து ஒரு சொட்டு பெட்ரோல் விழுந்தாலே கரைஞ்சு வழிஞ்சுடும். ஹார்ட்னர் கலந்து அடிக்கிற 2கே பி.யூ. பெயின்ட் பெட்ரோலுக்குத் தாங்கும், ஆனா அதோட ஹார்ட்னர் நெஞ்சுக்குக் கெடுதல், அதுக்குன்னு உள்ள மாஸ்க் இல்லாம கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு அடிக்கிற வேலையே வச்சுக்காதீங்க, வீட்டுல வீசிங் உள்ளவங்க இருந்தா அந்தப் பக்கமே வேணாம்.

மேனிஃபோல்டு தனிக் கதை. அது நானூறு ஐநூறு டிகிரிக்கு மேலயும் போகும், எந்த எனாமலும் நிக்காது, பொகஞ்சு கருகி செதில் செதிலா கொட்டும். நம்ம ஊரு ரைஸ் மில் பாய்லர் குழாய்க்கும் பொகைபோக்கிக்கும் அடிக்கிறாங்களே ஹீட் ரெசிஸ்டிங் அலுமினியம் பெயின்ட், அது ஹார்டுவேர் கடைல கெடைக்கும், டப்பா மேல எத்தனை டிகிரின்னு பாத்து 600 போட்டதா வாங்குங்க. கருப்புலயும் உண்டு. அதுக்கு அடில பிரைமர் கூடாது, வெறும் இரும்பு மேல மெல்லிசா ரெண்டு கோட்டு, தடிமனா அடிச்சா உரியும். அடிச்சு காஞ்சதோட வேலை முடியாது, இன்ஜினை ஐடிலிங்ல கொஞ்ச நேரம் ஓட்டி ஆற விட்டு, மறுபடி இன்னும் கொஞ்சம் அதிக நேரம் ஓட்டி ஆற விட்டு, இப்படி படிப்படியா சூடு ஏத்துனாத்தான் இறுகும். அப்ப பொகையும் நாத்தமும் வரும், பயப்பட வேணாம், திறந்த வெளில வச்சு பண்ணுங்க.

அலுமினிய ஹெட்டுக்கு பெயின்ட்டே அடிக்காதீங்கண்ணே. மெல்லிசான நைலான் ஸ்க்ரப்பர்ல மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ச்சு விட்டாலே வெள்ளி நெறத்துக்கு வந்துடும், பெயின்ட் அடிச்சதைவிட அதுதான் அழகு. அடிச்சே தீருவேன்னா எட்ச் பிரைமர் போட்டுத்தான் அடிக்கணும், சும்மா அடிச்சா அலுமினியத்துல ஒட்டாது. ரேடியேட்டருக்கு சும்மா பொகை போட்டாப்ல மேட் கருப்பு, கனமா அடிச்சா சூடு வெளில போகாது.

கலருக்கு யாரையும் கேக்காதீங்க, இன்ஜினையே கேளுங்க. டைனமோ பிராக்கெட்டைக் கழட்டுனா அது மூடியிருந்த எடத்துல பழைய பெயின்ட் அப்படியே இருக்கும், மண்ணெண்ணெய் தொட்ட துணியால லேசா துடைச்சுப் பாருங்க. ரெண்டு கலர் தெரிஞ்சா அடில இருக்கிறதுதான் பழசு. அந்தச் சாமானை அப்படியே பெயின்ட் கடைக்கு எடுத்துக்கிட்டுப் போனா மெஷின்ல வச்சு கலந்து குடுப்பான். சிவப்பு மட்டும் வேணாம்ணே, உங்க மாமாகிட்ட சொல்லுங்க, டிராக்டர்னு நெனச்சுக்குவாங்க.


கோடியக்கரை காத்து

நம்ம வேதாரண்யம் பக்கம் உள்ளவங்களுக்கும் சேர்த்து ஒண்ணு சொல்லிக்கிறேன். கடைசியா அலசுற தண்ணி போர் தண்ணியா இருந்தா உப்பு தங்கிடும், பெயின்ட்டுக்கு அடிலேர்ந்து துரு பூத்துக்கிட்டு வரும். மழைத் தண்ணியோ குடிக்கிற தண்ணியோ புடிச்சு வச்சு அலசுங்க. ரேடியேட்டருக்கும் அதேதான், அலுமினிய ஹெட்டுன்னு சொல்றீங்க, உப்புத் தண்ணி ஊத்துனா ஹெட்டுக்குள்ள தண்ணி ஓடுற வழியை அரிச்சுடும், கூலண்ட் கலந்து ஊத்துங்க. 2018ல கஜா புயலுக்கு எங்க கொட்டகை விழுந்து வண்டி கொஞ்ச நாள் உப்புக் காத்துல வெளில நின்னுச்சு, அப்ப பெயின்ட் போன எடத்துலதான் மொதல்ல துரு ஏறுச்சு, பெயின்ட் இருந்த எடம் தப்பிச்சுது. அதனால அழகுக்குன்னு மட்டும் நெனைக்க வேணாம்.


ஆர்சி புக், திருவாரூர்

பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஆர்.சி.ல உள்ள இன்ஜின் நம்பர் பிளாக்ல எங்க அடிச்சிருக்குன்னு கண்டுபுடிச்சு அது மேல டேப் ஒட்டிடுங்க. 15 வருஷம் தாண்டுன சொந்த வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும்ல, அப்ப பென்சில் தேய்ச்சு நம்பர் பிரிண்ட் எடுத்துக் கேப்பாங்க, தடிமனா பெயின்ட் ஏறி நம்பர் தெரியலன்னா சுரண்டிக் காட்டச் சொல்லுவாங்க, அதை கிரைண்டர்ல சுரண்டி வேற மாதிரி சந்தேகத்தை உண்டாக்கிக்கிட்டவங்களும் உண்டு. கிரைண்டர், உளி எதுவும் அந்தப் பக்கம் போவக்கூடாது.

இன்னொண்ணு, 50 வருஷம் தாண்டுன வண்டிக்கு 2021ல வின்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன் விதி வந்துச்சு, நம்பர்ல வி.ஏ.ன்னு வரும், புதுசா பதிய 20,000 ரூபா, 10 வருஷத்துக்கு செல்லும். உங்க 1969 வண்டி அதுல வரும்தான், ஆனா அப்படி பதிஞ்சா வண்டியை கண்காட்சி, வின்டேஜ் ராலி, ரிப்பேர், பெட்ரோல் போட இந்த மாதிரி காரியத்துக்குத்தான் ரோட்டுல எடுக்கணும். மாப்பிள்ளை அழைப்புக்கும் கோயிலுக்கும் எடுத்துக்கிட்டுப் போகணும்னா இப்ப உள்ள ஆர்.சி.யையே புதுப்பிச்சு வச்சுக்குங்க.


திருபுவனம் ஃபியட்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மூங்கில் பத்தை யோசனை பிரமாதம், அழுக்கு வெல்லக்கட்டி மாதிரி பேந்து பேந்து விழுந்துச்சு. டேப்பெட் கவருக்குக் கீழ நான் பாத்தே இராத வார்ப்பு எழுத்தெல்லாம் தெரியுது, அப்பாவே குனிஞ்சு படிச்சுப் பாத்தாங்க.

பவுடர் போட்டுப் பாத்ததுல பின்னாடி சீல் பக்கம் வெள்ளை அப்படியே காஞ்சு நிக்குது. ஏசி பம்ப் ஒக்கார எடத்துலேர்ந்துதான் ஒரு கோடு இறங்கி பிளாக் ஓரமா பின்னாடி போயிருக்கு. டேப்பெட் கவர்லயும் ஒரு மூலையில லேசா. பம்ப்பைக் கழட்டுனா நடுவுல ஒரு கருப்புக் கட்டை இருக்கு, அதோட ரெண்டு பக்கமும் பேக்கிங், ஒண்ணு கிழிஞ்சு போயிருக்கு. பேக்கிங் இல்லாம அனபாண்ட் பசை மட்டும் தடவி மாட்டலாமா?

கலர் பாத்தேன், டைனமோ பிராக்கெட்டுக்குப் பின்னாடி மேல சில்வர், அடில ஒரு மங்கலான சாம்பல். சாம்பலே அடிக்கலாம்னு முடிவு. மாமாவுக்கு கொஞ்சம் வருத்தம்தான்.


பழைய ஸ்பேனர், தஞ்சாவூர்

பாத்தீங்களா, இன்ஜின் இறக்குற செலவு மிச்சம்.

அனபாண்ட் மட்டும் போட்டு மாட்டாதீங்க தம்பி. அந்தக் கட்டையும் பேக்கிங்கும் சேர்ந்த கனம்தான் பம்ப்போட ஸ்ட்ரோக் (எவ்ளோ தூரம் தள்ளுதுங்கறது) எவ்ளோன்னு தீர்மானிக்கிறது. கனம் கொறைஞ்சா பம்ப்பைத் தள்ளுற கம்பி அதிகமா தள்ளி பம்ப் டயஃப்ரம் சீக்கிரம் போகும், கூடிப்போனா பெட்ரோல் சரியா ஏறாது. பழைய பேக்கிங் என்ன கனமோ அதே கனத்துல பேக்கிங் பேப்பர் வாங்கி, பம்ப்பை மேல வச்சு பென்சில்ல கோடு போட்டு கத்தரிக்கோல்ல வெட்டிக்கலாம், போல்ட் ஓட்டைக்கு பஞ்ச் இல்லன்னா சின்ன சுத்தியலால ஓரத்துல தட்டுனாலே வட்டமா விட்டுடும். கட்டை விரிசல் விட்டிருக்கான்னு வெளிச்சத்துல காட்டிப் பாருங்க, விட்டிருந்தா சென்னை புதுப்பேட்டைல சொல்லி வச்சு வாங்குங்க.

டேப்பெட் கவர் பேக்கிங் கார்க்குதான், புதுசு போட்டுடுங்க. லீக்குன்னு போல்ட்டை இறுக்கி இறுக்கித்தான் அந்தக் கவர் வளைஞ்சு போறதே. கவரை கண்ணாடி மேல கவுத்து வச்சுப் பாருங்க, ஓரம் தூக்கியிருந்தா மரக்கட்டை வச்சுத் தட்டி நிமித்திட்டு அப்புறம் பெயின்ட் அடிங்க.


திருபுவனம் ஃபியட்

பேக்கிங் மாத்தி, பிளாக் பெயின்ட், மேனிஃபோல்டு சில்வர் எல்லாம் முடிஞ்சுது. ஹெட்டை ஸ்ப்ரே கன் சொன்ன மாதிரி அப்படியே விட்டுட்டேன். பாக்க கண்ணு நெறைஞ்சு இருக்கு. ஆனா இப்ப ஒரு புதுப் பிரச்சினை, பேட்டரி ஃபுல் சார்ஜ், ஹெட்லைட் பளிச்சுன்னு எரியுது, செல்ஃப் அடிச்சா டிக்குன்னு ஒரு சத்தம் மட்டும், சுத்த மாட்டேங்குது. பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி நல்லா இருந்துச்சு. செல்ஃப் மோட்டார்ல பெயின்ட் போயிருக்குமோ?


பழைய ஸ்பேனர், தஞ்சாவூர்

செல்ஃபை நிறுத்துங்க, மறுபடி அடிக்காதீங்க. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல பின்னல் மாதிரி ஒரு எர்த் பட்டை இருக்கும், அது மாட்டுற எடத்துல பெயின்ட் ஏறியிருக்கும், அதனால எர்த் கெடைக்கல. நீங்க செல்ஃபை அடிச்சுக்கிட்டே இருந்தா கரண்ட் வேற வழி தேடி சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கம்பி வழியா போயி கேபிள் பழுத்து வயர் எரிஞ்சுடும், இப்பவே சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா அதான் காரணம். பட்டையைக் கழட்டி ரெண்டு முனையும், போல்ட் ஒக்கார எடமும் இரும்பு மின்னுற அளவுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டுங்க, மேல கொஞ்சம் கிரீஸ் தடவி விடுங்க. தண்ணி சூடு காட்டுற மீட்டரோட யூனிட்டு ஹெட்டுல திருகியிருக்குமே, அது மேல பெயின்ட் பட்டிருந்தாலும் துடைச்சுடுங்க.


திருபுவனம் ஃபியட்

அதேதாங்க! சோக் கேபிள் வெதுவெதுன்னு இருந்துச்சு, பெயின்ட் அடிச்ச பையன் எர்த் பட்டையையும் சேர்த்து சாம்பல் ஆக்கியிருக்கான். தேய்ச்சு மாட்டுனதும் ஒரே அடில ஸ்டார்ட். மேனிஃபோல்டு மொத தடவை பொகஞ்சுச்சு, ரெண்டாவது தடவை கொறைஞ்சுடுச்சு. ஆயில் இப்போ ஒரு சொட்டு கூட இல்ல, அட்டையை விரிச்சு வச்சு ராத்திரி பூரா விட்டுப் பாத்தாச்சு.


அம்பி மார்க் 2, மன்னார்குடி

வாழ்த்துக்கள் தம்பி. படம் போடுங்க. நானும் இந்தத் தையில ஹெட் கேஸ்கட் மாத்தும்போது என் வண்டிக்கு அடிக்கலாம்னு இருக்கேன், மூங்கில் பத்தை சீவி வச்சாச்சு 😀


பழைய ஸ்பேனர், தஞ்சாவூர்

நல்லது தம்பி. கார்க் பேக்கிங் நாலஞ்சு தடவை சூடாகி ஆறினதும் கொஞ்சம் அமுங்கும், டேப்பெட் கவர் போல்ட்டை ஆறின இன்ஜின்ல கால் சுத்து மட்டும் வச்சுப் பாருங்க.

மாப்பிள்ளை அழைப்பு அன்னைக்கு ஒண்ணு கவனிக்கணும். நடக்கிற வேகத்துல வண்டி நகரும்போது ரேடியேட்டர்ல காத்து அடிக்காது, ஐடிலிங்ல ஃபேனும் மெதுவாத்தான் சுத்தும், ஆவணி வெக்கைல சூடு ஏறிக்கிட்டே போவும். கிளம்புறதுக்கு முன்னாடி தண்ணி, ஃபேன் பெல்ட் டைட் ரெண்டும் பாருங்க. டிரைவரை அரை கிளட்ச்ல இழுத்துக்கிட்டே வராம கொஞ்ச தூரம் விட்டு விட்டு நகத்தச் சொல்லுங்க. நாதஸ்வரக்காரங்க முச்சந்தியில நின்னு வாசிக்கிறப்ப இன்ஜினை ஆஃப் பண்ணிடுங்க, எப்படியும் அவங்க அரை மணிக்கு நகர மாட்டாங்க. ஒருவேளை தண்ணி கொதிச்சுடுச்சுன்னா யாரு அவசரப்படுத்துனாலும் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோட தொறக்காதீங்க, நாலு பேரை விட்டு மண்டபம் வரைக்கும் தள்ளச் சொல்லுங்க.